போதைக் காளான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் கொடைக்கானல் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் யாராவது ஒருவன் வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து நிற்பான். "சார், அந்த மஷ்ரூம் நிஜமாகவே ஆபத்தா?" என்று கேட்பான். சில சமயம் பெற்றோரும் போன் செய்து கேட்கிறார்கள். "தொடாதே" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் அந்தப் பையன் அடுத்த நிமிடமே இணையத்தில் தேடுவான். அங்கே "இது மருந்து, கடவுளைக் காட்டும், பக்கவிளைவே கிடையாது" என்று யாரோ எழுதியிருப்பதைப் படிப்பான். அதனால்தான் இந்தக் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

போதைக் காளான் என்றால் என்ன? அது ஒரே வகைக் காளானா?

இல்லை. சிலோசைபின் என்ற வேதிப்பொருள் இருக்கும் எல்லாக் காளான்களுக்கும் சேர்த்து மக்கள் வைத்த பெயர் இது. மேஜிக் மஷ்ரூம் என்பதும் இதையேதான். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களில் இந்தப் பொருள் இருக்கிறது. உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது சிலோசைபி கியூபென்சிஸ். 1906-ல் கியூபாவில் கிடைத்த மாதிரியை வைத்து விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர்.

சிலோசைபின் நேரடியாக மூளையில் வேலை செய்வதில்லை. வயிற்றுக்குள் போனதும் உடம்பு அதிலிருக்கும் பாஸ்பேட் பகுதியைக் கழற்றி சிலோசினாக மாற்றுகிறது. மூளைக்குப் போய்ச் சேருவது சிலோசின்தான்.

இதை முதலில் பயன்படுத்தியது யார்?

எழுத்துச் சான்று நன்றாகக் கிடைப்பது மெக்சிகோவிலிருந்து. ஆஸ்டெக் மக்களின் நவாட்டில் மொழியில் இதற்கு தியோனனாகட்ல் என்று பெயர். தெய்வத்தின் சதை என்று பொருள் சொல்வார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பெர்னார்டினோ டி சஹாகூன் என்ற ஸ்பானியத் துறவி, விருந்தில் மக்கள் காளானைத் தேனோடு சாப்பிட்டதை எழுதி வைத்திருக்கிறார். சிலர் ஆடினார்கள், சிலர் அழுதார்கள், சிலருக்குத் தங்கள் சாவே கண்முன் தெரிந்தது என்கிறார். இன்றைக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் எடுக்கும் குறிப்புகளோடு அதை வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஸ்பானியர்களுக்கு இது பேய் வழிபாடாகத் தெரிந்தது, அடக்கினார்கள். வழக்கம் மலைக்கிராமங்களுக்குள் ஒளிந்துகொண்டது. எந்த அளவுக்கு ஒளிந்தது என்றால், 1915-ல் வில்லியம் சாஃபோர்டு என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அப்படி ஒரு காளானே கிடையாது, பழைய துறவிகள் பெயோட்டே என்ற போதை தரும் கள்ளி காய்ந்ததைக் காளான் என்று நினைத்துவிட்டார்கள் என்று எழுதினார். அது தவறு என்று மெக்சிகோவில் இருந்த பிளாஸ் பாப்லோ ரெகோ விடாமல் வாதாடினார். 1938-ல் அவரும் ரிச்சர்டு எவன்ஸ் ஷல்டிஸ் என்ற இளம் ஆய்வாளரும் வஹாக்கா மாநிலத்து மலையூரான ஹுவாவ்ட்லாவுக்குப் போய் அந்தக் காளானை மாதிரி எடுத்து வந்தார்கள். அந்த மலையில் வாழும் மசாட்டெக் மக்களுக்கோ அது தொலைந்துபோன பொருளே அல்ல. அவர்கள் பாட்டுக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

மரியா சபீனா என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அவர் யார்?

காளான் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரியா சபீனா ஹுவாவ்ட்லாவில் வாழ்ந்த மசாட்டெக் வைத்தியர். எழுதப் படிக்கத் தெரியாது, பேசுவதும் மசாட்டெக் மொழி மட்டும்தான். யாருக்காவது தீராத நோய் என்றால் அவரைத் தேடி வருவார்கள். இரவில், வீட்டுக்குள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கோபால் என்ற பிசினைச் சாம்பிராணி போலப் புகைத்து அவர் உட்காருவார். காளானை 'புனிதக் குழந்தைகள்' என்றுதான் சொல்வார். அதை உட்கொண்டு விடிய விடியப் பாடுவார். அந்தப் பாட்டு தன்னுடையது அல்ல, குழந்தைகள் தன் வாய் வழியாகப் பேசுவது என்பது அவர் நம்பிக்கை. அந்த இரவுச் சடங்குக்கு ஸ்பானிய மொழியில் வெலாடா, அதாவது கண்விழிப்பு என்று பெயர்.

கார்டன் வாசன் என்ற அமெரிக்கர் ஜே. பி. மார்கன் வங்கியில் துணைத் தலைவர். அவர் மனைவி வாலண்டினா ரஷ்யாவில் பிறந்தவர், குழந்தைகள் மருத்துவர். 1927-ல் தேனிலவுக்குப் போன காட்டில் அந்தப் பெண் காளான்களைப் பார்த்து ஆசையாகப் பறிக்க, இவர் அருவருத்து ஒதுங்கியிருக்கிறார். ஒரே பொருளை ஒரு நாட்டுக்காரர் ஏன் கொண்டாடுகிறார், இன்னொருவர் ஏன் வெறுக்கிறார் என்ற அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டுதான் இருவரும் முப்பது வருடம் படித்தார்கள். இந்த ஒன்றில் வாசன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அடுத்து நடந்தது அப்படியல்ல. 1953-ல் அந்த ஊருக்குப் போன வாசன், ஒரு வைத்தியர் சடங்கு நடத்த வேண்டும் என்பதற்காக மகனைப் பற்றிய கவலையைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார். 1955 ஜூன் கடைசியில் ஊர் நிர்வாகி ஒருவர் மூலமாக மரியா சபீனாவிடம் போய், ஆலன் ரிச்சர்ட்சன் என்ற புகைப்படக்காரரோடு உட்கார்ந்து காளானைச் சாப்பிட்டார். 1957 மே மாதம் லைஃப் இதழில் படங்களோடு பெரிய கட்டுரை வந்தது. மரியா சபீனாவுக்கு வேறு பெயர் கொடுத்திருந்தார்கள். இருந்தும் ஊரைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. அறுபதுகளில் வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். பகலிலும் சாப்பிட்டார்கள், கண்ட இடத்தில் சாப்பிட்டார்கள். கடைசியில் மெக்சிகோ அரசு ராணுவத்தை அனுப்பி அவர்களை விரட்ட வேண்டியதாயிற்று. ஊரின் கோபம் முழுக்க மரியா சபீனா மேல் விழுந்தது. அவர் வீட்டைக் கொளுத்தினார்கள்.

வயதான காலத்தில் அவர் சொன்னது இதுதான்: வாசன் வருவதற்கு முன் யாரும் கடவுளைப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகளை உட்கொண்டதில்லை, நோயாளியைக் குணப்படுத்தத்தான் உட்கொண்டோம். வெளியார் வந்தபிறகு குழந்தைகளின் வலு போய்விட்டது. 1985-ல் ஏழையாகவே இறந்தார். இன்று அவர் முகம் டி-சர்ட்டுகளில் அச்சாகி விற்கிறது.

காளான் எப்படி மருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனது?

வாசனோடு போன பிரெஞ்சுக் காளானியலாளர் ரோஜர் ஹைம் அதைப் பாரிஸில் வளர்த்தார். அதில் உள்ள பொருளைப் பிரித்தெடுக்க, சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து சாண்டோஸ் நிறுவனத்தில் இருந்த ஆல்பர்ட் ஹாஃப்மனுக்கு அனுப்பினார். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைக் கண்டுபிடித்த அதே ஹாஃப்மன். விலங்குகளில் சோதித்துத் தெளிவான விடை கிடைக்காததால், காய்ந்த காளான் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தானே 32 காளான்களைச் சாப்பிட்டார். கண்ணில் பட்டதெல்லாம் மெக்சிகோ ஓவியமாகத் தெரிந்ததாக எழுதியிருக்கிறார். சாப்பிட்டது மெக்சிகோ காளான் என்று தெரிந்திருந்ததால் அந்த நினைப்பை உதறிவிட்டு எல்லாவற்றையும் சாதாரணமாகப் பார்க்க முயன்றாராம், முடியவில்லையாம். 1958-ல் சிலோசைபினையும் சிலோசினையும் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அப்புறம் செயற்கையாகத் தயாரிக்கவும் வழி கிடைத்தது.

1962-ல் ஹாஃப்மன் அந்த மாத்திரைகளோடு மரியா சபீனாவைப் பார்க்கப் போனார். அன்றிரவு காளானுக்குப் பதில் மாத்திரையை வைத்துச் சடங்கு நடந்தது. விடிந்ததும் மரியா சபீனா, இதிலும் அதே சக்தி இருக்கிறது, காளான் கிடைக்காத மாதங்களில்கூட இனி வைத்தியம் பார்க்கலாம் என்றாராம். ஒரு வேதியியல்காரனாக எனக்கு இந்த இடம் எப்போதும் பிடிக்கும். இருவருமே ஒரே பொருளைத்தான் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஹார்வர்டில் நடந்த கதை என்ன?

1960-ல் டிமோதி லியரி, ரிச்சர்டு ஆல்பர்ட் என்ற இரண்டு உளவியல் ஆசிரியர்கள் அங்கே சிலோசைபின் ஆய்வைத் தொடங்கினார்கள். 1962-ல் புனித வெள்ளியன்று பாஸ்டனில் ஒரு தேவாலயத்தில் வால்டர் பான்கே என்ற ஆய்வு மாணவர் நடத்திய சோதனை பிரபலம். சமயக் கல்வி படிக்கும் 20 பேரில் பாதிப்பேருக்கு சிலோசைபின், மீதிப்பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்க, போதை தராத நிகோட்டினிக் அமிலம். சிலோசைபின் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் என்றார்கள். ஆனால் அதில் ஒருவர் நிலைகொள்ளாமல் வெளியே ஓட, பிடித்து வந்து அமைதிப்படுத்தும் ஊசி போட வேண்டியிருந்தது. இந்த விவரம் பல வருடம் கழித்து ரிக் டாப்ளின் என்ற ஆய்வாளர் அந்த மாணவர்களைத் தேடிப்பிடித்துப் பேசியபோதுதான் வெளியே தெரிந்தது. நல்லதை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கும் பழக்கம் அன்றிலிருந்தே இந்தத் துறையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஆய்வில் ஒழுங்கு போனது, 1963-ல் இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஆல்பர்ட் பிறகு இந்தியா வந்து நீம் கரோலி பாபாவின் சீடராகி ராம் தாஸ் ஆனார். 1970-ல் அமெரிக்கா சிலோசைபினை மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. 1971 ஐ.நா. உடன்படிக்கையிலும் அது சேர்ந்தது. முப்பது வருடத்துக்கு ஆராய்ச்சி கிட்டத்தட்ட நின்றே போனது.

சாப்பிட்டால் உடம்பிலும் மனத்திலும் என்ன நடக்கும்?

சுமார் அரை மணி நேரத்தில் தொடங்கும். குமட்டல் வரும், சிலர் வாந்தி எடுப்பார்கள். கண்மணி விரியும், கொட்டாவி வந்துகொண்டே இருக்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடும். பிறகு நிறங்கள் அடர்த்தியாகும். சுவர் மூச்சு விடுவதுபோல அசையும். கண்ணை மூடினால் கோலம் போல வடிவங்கள் ஒன்றுக்குள் ஒன்று விரியும். நேரம் தன் கணக்கை இழந்துவிடும், ஐந்து நிமிடம் ஒரு ராத்திரி போல நீளும். பொதுவாக நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் இறங்கும்.

காரணம், சிலோசினின் அமைப்பு நம் மூளையில் இயல்பாக இருக்கும் செரடோனின் என்ற வேதிப்பொருளைப் போலவே இருக்கிறது. மூளைச் செல்களில் செரடோனின் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளில் 5-எச்.டி.2ஏ என்ற வகையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாம் பார்க்கும் உலகத்தில் பாதி, மூளை முன்னனுபவத்தை வைத்து ஊகித்துக் கட்டுவது. அந்த ஊகத்தின் பிடி தளர்கிறது. 'நான்' என்ற உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குவதும் குலைகிறது. அதனால்தான் 'நான் கரைந்துவிட்டேன்' என்கிறார்கள். ஒருவருக்கு அது பேரமைதி. இன்னொருவருக்கு, செத்துக்கொண்டிருக்கிறோம் என்ற உறுதியான நம்பிக்கை. இருவருக்கும் உள்ளே நடக்கும் வேதியியல் ஒன்றுதான்.

எது எப்படி ஆகும் என்பதை அந்த நேரத்து மனநிலை, இடம், பக்கத்தில் இருக்கும் ஆள் மூன்றும் பெருமளவு தீர்மானிக்கின்றன. மசாட்டெக் மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வீடு, இருட்டு, பாட்டு, துணைக்கு ஒரு வைத்தியர் என்று எல்லாவற்றையும் அவர்கள் சேர்த்தே வைத்திருந்தார்கள். நம் பையன்கள் எடுப்பது காளானை மட்டும். வைத்தியர் இருந்த இடத்தில் போன் வைத்துக்கொண்டு வீடியோ எடுக்கும் நண்பன் இருக்கிறான்.

'பேட் ட்ரிப்' என்கிறார்களே, அது எவ்வளவு மோசம்?

என் கல்லூரி நாட்களில் ஒரு மலையூர் விடுதியில் நண்பன் ஒருவனோடு ஓர் இரவு விழித்திருந்திருக்கிறேன். எங்களுக்குத் தெரியாமல் அவன் மட்டும் சாப்பிட்டிருந்தான். முதலில் சிரித்தான். பிறகு அறையின் கதவு சின்னதாகிக்கொண்டே போகிறது, இப்போது வெளியே போகாவிட்டால் என்றைக்கும் போக முடியாது என்று ஆரம்பித்தான். விடுதிக்குப் பின்னால் சரிவு. மூன்று பேர் மாறிமாறிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் அம்மா பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான். காலையில் ஒன்றும் ஆகாதவன் போல எழுந்தான். ஆனால் அதன்பின் பல மாதம் விளக்கை அணைத்துத் தூங்கவில்லை. அன்றிரவு நாங்கள் அந்த அறையில் இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னமும் வரும்.

காளானின் விஷத்தால் சாவதைவிட, இப்படிப்பட்ட பயத்தில் ஓடுவது, குதிப்பது, தண்ணீரில் இறங்குவதுதான் அதிகக் கவலைக்குரியது. 2007-ல் ஆம்ஸ்டர்டாமில் சுற்றுலா வந்த 17 வயதுப் பிரெஞ்சுப் பெண் காளான் சாப்பிட்டபின் உயரத்திலிருந்து குதித்து இறந்தாள். அதையொட்டி எழுந்த விவாதத்தில் 2008 டிசம்பரில் நெதர்லாந்தே காளான் விற்பனையைத் தடை செய்தது.

ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் பணியில் இல்லாத விமானி ஒருவர், பறந்துகொண்டிருந்த விமானத்தின் விமானி அறையில் கூடுதல் இருக்கையில் பயணம் செய்தார். திடீரென்று எஞ்சின்களை நிறுத்தும் கைப்பிடிகளை இழுக்க முயன்றார். விமானத்தில் 80-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மற்ற விமானிகள் தடுத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காளான் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, தூக்கமே இல்லை, நடப்பதெல்லாம் கனவு, விழித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன் என்றார் அவர்.

சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்தும் பார்வையில் ஒளிக்கோடுகளும் வடிவங்களும் தொடர்ந்து வருவதுண்டு. அரிதுதான். வந்தவருக்கு அந்த 'அரிது' என்ற சொல் ஆறுதல் தராது.

இதற்கு அடிமையாவார்களா?

மது, அபின், புகையிலை போல உடம்பு கேட்கும் அடிமைத்தனம் இதில் இல்லை. உடனே அடுத்த நாள் சாப்பிட்டால் பாதி வேலைகூடச் செய்யாது, உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகிவிடும். பிள்ளைகளிடம் "ஒரு தடவை தொட்டால் அடிமை" என்று சொல்லாதீர்கள். அது பொய் என்று தெரிந்துவிட்டால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இயற்கையானது தானே?

ஊமத்தையும் இயற்கைதான். எட்டிக்கொட்டையும் இயற்கைதான்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. கையில் கிடைப்பது அந்தக் காளான்தானா என்பதே தெரியாது. நம் ஊரில் இடி இடித்து மழை பெய்த மறுநாள் புற்றுக் காளான் தேடிப் போகும் பெரியவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியவர்கள். அவர்களே சந்தேகம் வந்தால் தொடமாட்டார்கள். கலேரினா என்ற சின்னப் பழுப்புக் காளான் பார்வைக்கு சிலோசைபி போலவே இருக்கும். அதில் உள்ள அமடாக்ஸின் ஈரலைக் கொல்லும் விஷம். 1981-ல் அமெரிக்காவின் விட்பி தீவில் போதைக் காளான் என்று நினைத்து இதைச் சாப்பிட்ட மூன்று பதின்வயதினரில் 16 வயதுப் பெண் இறந்துபோனாள்.

அமடாக்ஸின் செய்யும் கொடுமை அதன் தாமதம். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் ஒரு நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அடுத்து ஒரு நாள் தேறியது போலிருக்கும், அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். சமைத்தாலும் காயவைத்தாலும் இந்த விஷம் போகாது. காளான் சாப்பிட்டு மறுநாள் வாந்தி என்றால் "வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மோர் குடித்துப் படுக்காதீர்கள், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

யாருக்கு இது மிகவும் ஆபத்து?

தனக்கோ, பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்கோ மனச்சிதைவு அல்லது பைபோலார் நோய் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருவது) இருந்தால் ஆபத்து பல மடங்கு. உள்ளே தூங்கும் நோயை இது தட்டி எழுப்பிவிடலாம். நம் வீடுகளில் இதில் ஒரு தனிச்சிக்கல். சித்தப்பாவுக்கு இருபது வயதில் வந்தது மனநோய் என்று யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை, "அவர் கொஞ்சம் அப்படித்தான்" என்று மூடிவிடுவோம். மனச்சிதைவு பெரும்பாலும் தலைகாட்டுவதும் இதே கல்லூரி வயதில்தான். குடும்பத்தில் அப்படி இருந்தால் தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு வலிப்பு வந்திருக்கிறது. இதய நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து. இன்னொன்று, இதைச் சாப்பிடலாம் என்பதற்காக யாரும் மனநல மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. 2021-ல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. பைபோலார் நோய்க்கான மாத்திரைகளை நிறுத்திவிட்ட 30 வயதுக்காரர் ஒருவர், காளான் கஷாயத்தை ஊசியால் நரம்பில் ஏற்றிக்கொண்டார். ரத்தத்தில் அந்தக் காளானே வளர ஆரம்பித்துப் பல உறுப்புகள் செயலிழந்தன. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார்.

மனச்சோர்வுக்கு இது மருந்து என்று செய்திகள் வருகின்றனவே, அது பொய்யா?

பொய் இல்லை. 2006-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் வெளியிட்ட ஆய்வோடு ஆராய்ச்சி மறுபடி உயிர்பெற்றது. 2016-ல் புற்றுநோயாளிகளின் மரண பயத்தைக் குறைத்ததாக இரண்டு ஆய்வுகள் வந்தன. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் சோர்வு கணிசமாகக் குறைந்தது. அதே ஆய்வில் பலருக்குத் தலைவலி, குமட்டல் வந்தது. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்தது. வழக்கமான எஸ்சிடலோபிராம் மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட 2021 ஆய்வில், முதன்மை அளவுகோலின்படி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2023 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்கலாம்.

ஆனால் அந்த ஆய்வுகளில் நடப்பதைப் பாருங்கள். குடும்பத்தில் மனநோய் உண்டா என்று கேட்டுப் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். மணிக்கணக்கில் முன்கூட்டியே பேசித் தயார் செய்கிறார்கள். அளந்த தூய மருந்து, அமைதியான அறை, இசை. பயிற்சி பெற்றவர்கள் முழு நேரமும் கூடவே இருக்கிறார்கள், தேவைப்பட்டால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு பல நாள் பேசுகிறார்கள். மரியா சபீனாவின் வீட்டை அவர்கள் மறுபடி கட்டியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த முடிவைக் காட்டி, தாளில் மடித்து விற்கும் காளானை மருந்து என்று சொல்வது, அறுவை சிகிச்சை உயிரைக் காக்கிறது என்பதற்காகக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புவது போன்றது.

மிகக் கொஞ்சமாக அடிக்கடி எடுக்கும் மைக்ரோடோஸிங் நல்லதா?

2021-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், எல்.எஸ்.டி., காளான் போன்றவற்றை இப்படி எடுக்கும் 191 பேரை வைத்துப் பார்த்தார்கள். உண்மையானதை எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரையை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். நம்பிக்கைதான் வேலை செய்திருக்கிறது.

வேதத்தில் வரும் சோமம் இந்தக் காளான்தானா?

1968-ல் வாசன் முன்வைத்த கருத்து இது. அவர் சொன்னது சிலோசைபின் காளானை அல்ல, வெள்ளைப் புள்ளிகள் உள்ள சிவப்பு அமனிடா மஸ்காரியாவை. அதன் வேதிப்பொருளே வேறு. எபெட்ரா என்ற செடிதான் சோமம் என்பவர்களும் உண்டு. அறிஞர்கள் இன்றுவரை ஒத்துக்கொள்ளாத ஒன்றை "நம் முன்னோர்களே சாப்பிட்டார்கள்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1985-ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சிலோசைபினும் சிலோசினும் இருக்கின்றன. சிறிய அளவு என்றால் ஒரு வருடம் வரை, வணிக அளவு என்றால் 10 முதல் 20 வருடம் வரை சிறை. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், காளான் இயற்கையான பூஞ்சை, அதன் மொத்த எடையையும் போதைப்பொருளின் எடையாகக் கொள்ள முடியாது என்ற பார்வையில் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தது. இதை "சட்டப்படி ஓகே" என்று பரப்பினார்கள். ஜாமீன் கிடைத்தால் குற்றமில்லை என்று ஆகாது. காளானுக்குள் இருக்கும் பொருள் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது. கொடைக்கானலில் போலீஸ் அடிக்கடி கைது செய்கிறது. மேல்மலைக் கிராமங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவித்து நேர்மையாகப் பிழைப்பவர்கள்தான் பெரும்பான்மை. சுற்றுலாக்காரர்களின் இந்த ஆசையால் அந்த ஊர்களின் பெயர் கெடுவது எனக்கு வருத்தம். ஹுவாவ்ட்லாவுக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது.

சிங்கப்பூரில் இது மிகக் கடுமையான ஏ வகுப்புப் போதைப்பொருள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் அங்கே குற்றம்தான்.

பக்கத்தில் ஒருவர் சாப்பிட்டுவிட்டுப் பயந்துபோயிருந்தால் என்ன செய்வது?

தனியாக விடாதீர்கள், இதுதான் முதல் காரியம். மாடி, பால்கனி, சரிவு, சாலை, தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து நகர்த்துங்கள். வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தையும் சத்தத்தையும் குறைத்து, ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசுங்கள். "நீ காளான் சாப்பிட்டிருக்கிறாய், அதனால்தான் இப்படித் தெரிகிறது, சில மணி நேரத்தில் இறங்கிவிடும், நான் இங்கேயேதான் இருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள், சிரிக்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். மதுவோ தூக்க மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

வலிப்பு, மயக்கம், நெஞ்சுவலி, கொதிக்கும் காய்ச்சல், தன்னையோ மற்றவரையோ தாக்க முயல்வது, நேரம் கழித்துத் தொடங்கும் வாந்தி, இதில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். மீதிக் காளான் இருந்தால் தாளில் சுற்றிக் கூடவே கொண்டுபோங்கள், மருத்துவருக்கு உதவும். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து "ஃபுட் பாய்சன்" என்று சொன்னால் சிகிச்சை தவறான வழியில் போகும்.

மறுநாள் ஆள் சரியாகிவிட்டான். அதோடு விட்டுவிடலாமா?

இரண்டு வாரமாவது கவனியுங்கள். தூக்கம் வரவில்லை, யாரோ கண்காணிக்கிறார்கள் என்கிறான், சம்பந்தமில்லாமல் பேசுகிறான் என்றால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பேசி வழி கேட்க டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, போதை தொடர்பான ஆலோசனைக்கு 14446, இரண்டும் கட்டணமில்லாத எண்கள். வீட்டில் தெரிந்துபோனால் அன்றைக்கே திட்டித் தீர்க்க வேண்டாம். முதலில் சாப்பிட ஏதாவது கொடுங்கள், தூங்கவிடுங்கள். அவன் என்ன பார்த்தான் என்று சொல்ல வரும்போது உட்கார்ந்து கேளுங்கள்.